அம்மா ராமஜெயம் எழுதிய பேனாக்கள்

சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு திரிகிற ஆண்பிள்ளைகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் மதிப்பு வராது. என் வயதுக்காரர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அப்படித்தான் திரிந்தீர்கள். மாதத்துக்கு ஒரு கையெழுத்து, அதற்குத் தங்க மூடி போட்ட பேனா இரண்டு. ஒன்று எழுத, ஒன்று காட்ட. காட்டுகிற பேனாதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பெரிய விஷயம் எதையும் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. ஆனால் பேனாவைப் பற்றிப் பேசலாம். தினமும் காலையில் குளித்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டு, புக்கிட் பாத்தோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கம் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன். பிரசவ நாள், தீட்டு நாள் தவிர ஒருநாள் விட்டதில்லை. அத்தனை வருஷம் எழுதினவளுக்கு எந்தப் பேனா எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரியாமலா போகும்? ஊற்றுப் பேனா பஸ்ஸில் குலுங்கினால் கக்கும். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மெல்லிய தாளில் வைத்தால் எழுத்துக்குக் காலும் கையும் முளைக்கும். பந்துமுனைப் பேனா எண்ணெய் பட்ட இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், தடமே இருக்காது. பென்சில் எங்கேயும் எழுதும், ஆனால் ஒரு வருஷத்தில் பக்கம் முழுக்கச் சாம்பல். இதெல்லாம் எனக்குப் பத்து வயதில் தெரிந்துபோனது. தெரிய வேண்டிய பெரியவர்களுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை.

அப்போது தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் கடைவீட்டு மாடியில் இருந்தோம். ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்து ஆறு குடும்பம். எங்கள் அறையில் ஒரு சன்னல், ஒரு கயிற்றுக்கொடி, ஒரு சாமி படம், நான்கு பேர். கீழே ஆட்டுக்கிடை வாடையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து மேலே ஏறிவரும். அப்பா துறைமுகத்தில், தொங்கான் என்கிற சரக்குப் படகுகளில், கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை பார்த்தார். அண்ணனுக்குப் பதினேழு வயது. ஒரு நாள் கீழே கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் நின்று இருமினான். கைக்குட்டையை மடித்து அவசரமாகப் பைக்குள் போட்டான். அம்மா பிடுங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

சயரோகம் என்றார்கள். அண்ணனைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில், அதற்கென்று இருந்த தனி வார்டில் படுக்கவைத்தார்கள்.

அவன் போன அன்றே பொதுக் குழாயடியில் எங்கள் வாளியை மற்ற வாளிகளிலிருந்து தள்ளி வைத்தார்கள். பக்கத்து அறைக்காரம்மா, போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று தோசை தின்றவள், அண்ணன் குடித்த டம்ளர் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். இரண்டு விரலால் தூக்கி, சன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டாள். "உங்க நல்லதுக்குத்தான்," என்றாள். அவள் நல்லதுக்கு என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதை வைத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சில மாதம் பொறுத்து மறுபடி நெஞ்சுப் படம் எடுப்பார்களாம். புண் ஆறியிருந்தால் சரி, இல்லையென்றால் விலா எலும்பை வெட்டித் திறக்க வேண்டும் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். கத்தி என்ற சொல்லைக் கேட்ட அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். படம் எடுக்கிற நாளுக்குள் ஒரு லட்சம் ராமஜெயம் எழுதி முடிக்கிறேன், என் பிள்ளை மேல் கத்தி படக் கூடாது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அந்த ஒரே சொல்லை நான்தான் எழுதிக் காட்டினேன். கோலம் போடுகிறவள் புள்ளியைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள். இரண்டு நாளில் வந்துவிட்டது. 'ஜெ'யில் மட்டும் கொம்பு பெரிதாக, யானைத் தும்பிக்கை மாதிரி விழும்.

பேனா வாங்க என்னை அனுப்பினாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத்தான் தெரியும் என்று நம்பினாள். சிராங்கூன் சாலையில் புத்தகமும் ஊதுபத்தியும் விற்கிற கடை. கடைக்காரர் வேட்டியும் பனியனுமாக இருப்பார்.

"எதுக்கு பேனா?"

"எங்கம்மா சாமி பேரு எழுதணும்."

"எத்தன?"

"ஒரு லட்சம்."

"லட்சமா? அப்ப இங்க எதுக்கு வந்த? அச்சாபீசுக்குப் போ."

நான் அழுகிற மாதிரி நின்றிருப்பேன். குரலை மாற்றிக்கொண்டார். "சரி சரி. அம்மா எங்க உக்காந்து எழுதுவாங்க?"

"அடுப்புக்கிட்ட. சோறு கொதிக்கிறப்ப."

"மேசை?"

"இல்ல. அரிசி டின்."

"மைக்கூட எங்க வைப்பீங்க?"

"தரையில."

"அப்ப தட்டி விட்டுருவீங்க." கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பந்துமுனைப் பேனாவை எடுத்தார். நீல உடம்பு, வெள்ளை மூடி. "இதுக்கு மை ஊத்த வேணாம், உறிஞ்சுதாள் வேணாம். நல்லா அழுத்தி எழுதலாம். எண்ணெக் கையோட தாளத் தொடக் கூடாது. தலகீழாப் புடிச்சா எழுதாது. மத்தபடி கழுத மாதிரி உழைக்கும் லா."

பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் இந்தப் பேனாவைக் கண்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார். கையெழுத்து கெட்டுப்போகுமாம். அவர் கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க அவரையேதான் கூப்பிட வேண்டும், அது வேறு விஷயம். இந்த உலகத்தில் ஒரு ஆளிடம்தான் நான் நல்ல பேனா யோசனை கேட்டிருக்கிறேன், அது அந்தப் பனியன்காரர்.

அவர் சொன்னபடியே உழைத்தது. அம்மா சோற்றை உலையில் போட்டுவிட்டு எழுதுவாள், பொங்கினால் எழுந்து கிளறிவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். குழாயடியில் வரிசை நிற்கும்போது சுவரில் நோட்டை வைத்து எழுதுவாள். பஸ்ஸில் மடியில் வைத்து எழுதுவாள். பக்கத்துக்கு நூற்றெட்டு. அழுத்தி அழுத்தி எழுதியதில் தாளின் முதுகில் எழுத்து புடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நான் விரலால் தடவிப் பார்ப்பேன். பத்துப் பக்கம் முடிந்ததும் எண்ணி ஓரத்தில் குறிப்பது என் வேலை.

அப்பா இதையெல்லாம் வெறுமனே பார்ப்பார். அவர் வேலைக்குக் காப்பிப் பென்சில். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக ஊறும் பென்சில் அது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் நாக்கு எப்போதும் நாவற்பழம் தின்ற நாக்குதான். "தொங்கான்ல மழ அடிக்கிறப்ப தொர பேனா அழுவும், என் பென்சில் அழுவாது," என்று ஒரு தடவை சொன்னார். என் அப்பா பேனாவைப் பற்றிச் சொன்ன ஒரே சொல். மற்ற விஷயங்களிலும் அவ்வளவுதான் பேசுவார். அது பொறுமை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

முப்பத்து நாலாயிரம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வந்தார்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் தங்க முள் பேனா. உட்கார்ந்ததும் அதை எடுத்து மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். எழுத ஒன்றும் இருக்காது. குழந்தைக்கு மூக்குச் சளி பார்க்கிற மாதிரி முள்ளைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அவர் சொல்தான் சட்டம், ஏனென்றால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

நோட்டை எடுத்துப் புரட்டினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தார்.

"இது எதுல எழுதினது?"

அம்மா பேனாவைக் காட்டினாள்.

"அடப்பாவிங்களா. இது மையாடி? இது கொழுப்பு! மையின்னா தண்ணி மாதிரி இருக்கும். இது பிசுபிசுன்னு இருக்கு பாரு. என்ன மிருகத்துக் கொழுப்போ! மாடோ, அதவிடக் கேவலமோ! அதத் தொட்டு ராமன் பேர எழுதியிருக்கே?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியாதே, மச்சான்."

"யாரு வாங்கினது?"

இந்த இடத்தை நான் மறைக்கப்போவதில்லை. "அம்மாதான் வாங்கச் சொன்னாங்க," என்றேன். சட்டென்று வந்த சொல். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தன ஆயிருக்கு?"

"முப்பத்து நாலாயிரம்."

"ஒண்ணும் சேராது. பாவம்தான் சேரும். இதெல்லாம் கடல்ல விட்டுட்டு முதல்லேருந்து எழுது. கட்டைப்பேனா, மைக்கூடு. மை சிந்தின பக்கம் கணக்குல வராது."

மாட்டுத் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மனுஷன், மாட்டுத் தோல் வாரால் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மாட்டுக் கொழுப்பைப் பற்றிப் பேசினார். மறுநாள் நான் புத்தகக் கடைக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "கொழுப்பா? சாயத்த எண்ணெயில கொழச்சது. யாரு சொன்னா? கிராணியா? கிராணிக்கு வேற வேல இல்ல," என்றார். வந்து அம்மாவிடம் சொன்னேன். கடைக்காரன் சரக்கை விற்கத்தான் சொல்வான் என்றாள். பெரியப்பா படித்தவர் என்றாள்.

அப்பா நோட்டுகளைச் சாக்கில் கட்டி, வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போனார். தொங்கானிலிருந்து கடலில் விட்டாராம். திரும்பி வந்து, "விட்டாச்சு," என்றார். முப்பத்து நாலாயிரம் ராமஜெயத்துக்கு ஒரு சொல்.

அதன் பிறகு கட்டைப்பேனா. மரக் குச்சியில் தகர முள் செருகியது. மூன்று ராமஜெயத்துக்கு ஒரு தடவை முக்க வேண்டும். அம்மாவின் அழுத்தத்துக்கு முள் பிளந்து தாளைக் கிழிக்கும். புழுக்கத்தில் தாள் மையைக் குடித்து ராமன் நீலப் பூச்சியாக ஊதிப்போவான். அடுப்புக்கிட்ட எழுத முடியாது, பஸ்ஸில் முடியாது, குழாயடியில் முடியாது. நூறாவது ராமஜெயத்தில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தப் பக்கமே போச்சு. அம்மாவின் ஆள்காட்டி விரல் சோற்றில் படும்போது நீலம் இறங்கும். படம் எடுக்கிற நாளோ நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் அம்மா பெரியப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டாள். "மச்சான், உங்க பேனா மை ஊத்துற பேனாதானே. ரெண்டு வாரம் குடுத்தா சீக்கிரம் முடிச்சிருவேன்."

பெரியப்பா பையைக் கையால் மூடிக்கொண்டார். "இது என் கைக்குப் பழகின முள்ளு. அடுத்தவங்க கை பட்டா வளஞ்சுரும்."

அடுத்தவங்க. அவருடைய தம்பி பிள்ளை நெஞ்சில் கத்தி வைக்கப்போகிறார்கள், இவருக்கு முள் வளைந்துவிடும்.

நோயாளியைப் பார்க்க ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள். அதுவரை அம்மா ஒரு ஞாயிறும் தவறியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வார்டுக்குள் அனுமதி கிடையாது, நான் வெளியே மரத்தடியில் நிற்பேன். இப்போது அந்த இரண்டு மணி நேரமும் போகவர பஸ் நேரமும் எழுத்துக்கு வேண்டியிருந்தது. முதல் ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அப்பாவுக்குக் கப்பல். பெரியப்பா அந்த ஆஸ்பத்திரி வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை, அவருக்கு நெஞ்சு பலவீனமாம். அவர் பலவீனத்தை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது.

மூன்றாவது ஞாயிறு ஆரஞ்சுப் பழமும் ரசப் பாத்திரமும் கொடுத்து என்னைத் தனியாக அனுப்பினாள். வார்டு வாசலில் இருந்த ஆள் தமிழர்தான். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் மடித்த தாள். மருந்து எழுதுகிற துண்டுத்தாளின் பின்பக்கம்.

"உங்கண்ணன் குடுக்கச் சொல்லிச்சு. பென்சில் கேட்டு ஒரே தொல்ல. மல்லாக்கப் படுத்துக்கிட்டு எழுதிச்சு, பாவம்."

பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். மல்லாந்து படுத்துக் கையைத் தூக்கி எழுதிய எழுத்து, வரி வரியாகச் சரிந்திருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

வீட்டில் அம்மா அரிசி டின்னுக்கு முன்னால் குனிந்திருந்தாள். "அண்ணன் எப்படி இருக்கானாம்?" என்றாள், நிமிராமல்.

"தாள் குடுத்திருக்கான்."

"படி."

படித்தேன். "அம்மாவுக்கும் பயம் வந்துடுச்சா? வந்திருந்தா வர வேணாம்னு சொல்லு. நான் தப்பா நினைக்கல. என் டம்ளரைத் தூக்கிப் போட்டாச்சா?"

அம்மாவின் பேனா தாளில் நின்ற இடத்திலேயே நின்றது. மை ஊறிப் பரவி, அந்தச் சொல்லை மூடி, பக்கத்துச் சொல்லையும் மூடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன். மைக்கூட்டை மூடினாள். அன்று அவள் அதற்கப்புறம் எழுதவில்லை. நான் அறிந்து அம்மா சாமிக்கு வேண்டியதைப் பாதியில் விட்டது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஒரு புது நோட்டு எடுத்துக்கொண்டாள். மைக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். மண்ணெண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் கையை விட்டு, கடலுக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்திருந்த பந்துமுனைப் பேனாவை எடுத்து இடுப்பில் செருகினாள். 

வாசலில் அந்த ஆள், "இன்னிக்கு உள்ள விட முடியாதும்மா, மிஸ்ஸி என்னை ஏசுவாங்க," என்றார். மிஸ்ஸி என்றால் தாதி.

"உள்ள வேணாம். அவன் சன்னலு எது?"

காட்டினார். சன்னலுக்கு எதிரே, புல்தரைக்கு அந்தப்பக்கம், ஒரு சிமெண்டு பெஞ்சு. அம்மா அதில் உட்கார்ந்து நோட்டைத் தொடையில் வைத்து எழுத ஆரம்பித்தாள். கம்பிக்குள் அண்ணன் தலையணையில் சாய்ந்திருப்பது தெரிந்தது. எங்களைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா எழுதிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாயும் போனோம். அப்போதும் முதுகுதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பெரியப்பாவுக்குச் செய்தி எட்டி வந்து குதித்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"பாதியில விட்டா சாமி குத்தம்! திரும்ப அந்தக் கொழுப்புப் பேனாவா? உனக்குப் புத்தி இருக்கா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், மச்சான். எம்புள்ளகிட்ட யாரு பேசுறது? நீங்க போறீங்களா? நாளைக்கே போறீங்களா?"

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது என்றார். தங்க முள் பேனாவோடு அவர் படி இறங்கிப் போன சத்தத்தைப் போல இனிமையான சத்தம் அந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

படம் எடுத்தார்கள். புண் சுருங்கியிருந்தது, வெட்ட வேண்டாம் என்றார்கள். பல மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தான். அப்புறம் பஸ் கண்டக்டர் ஆனான், கல்யாணம் செய்தான், பிள்ளைகள் பெற்றான். ஊசியும் ராமனும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்று நான் நம்புகிறேன். பெரியப்பா சாகிறவரை வேறு கதை சொன்னார். "நான் சொல்லித்தான் நல்ல மையில எழுதினா, அதான் பொழச்சான்," என்று. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் பையில் பேனா இருந்ததல்லவா? லட்சம் முடிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பெஞ்சில் எழுதிய பக்கங்களை எண்ணுவதற்கு அம்மா என்னிடம் தரவே இல்லை.

எனக்கு வேண்டியது அந்தப் புதன்கிழமை மட்டும்தான். பெஞ்சில் மூன்றாம் நாள். மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் விழுந்தது. அம்மா முந்தானையை நோட்டுக்கு மேலே கூடாரமாகப் பிடித்துக்கொண்டு எழுதினாள். நான் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். தூறல் பலத்து, புல்தரையிலிருந்து மண் வாசனை கிளம்பியது. சன்னலில் அசைவு தெரிந்தது. அண்ணன் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு மெலிந்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா! போங்கம்மா!" என்று கத்தினான். இருமல் வந்தது. அடங்கியதும் மறுபடி கத்தினான். "நனையிறீங்க பாருங்க! சீக்கு புடிச்சுக்கும்!"

அம்மா தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"புடிக்கட்டும்டா," என்றாள்.